தவிட்டில் உள்ளதும் இல்லாததும்

திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, கல்முனை எனக் கிழக்குக் கரையில் வரிசையாக அமைந்த ஊர்களுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். வயல் தரும் தவிடும் குறுணலும், கடல் தரும் மீன்கழிவும் வீட்டுக் கோழிகளுக்குத் தீனியாகின்றன. ஆயினும் வயிறாரத் தின்ற குஞ்சுகளிற் சில வளராமல் நிற்கின்றன. சில கால்விரல் சுருண்டு நடக்கமாட்டாமல் விழுகின்றன. கண்ணூறு என்பர் சிலர். சாதிக் குறை என்பர் வேறு சிலர். தொற்றுநோய் இல்லாதவிடத்து, குறை பெரும்பாலும் தீனியிலேயே இருக்கும்.

இவ்வுண்மையை உலகுக்கு முதலில் உணர்த்தியவையும் கோழிகளே. 1886 ஆம் ஆண்டு ஜாவாத் தீவுக்கு வந்த ஒல்லாந்த மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், பெரிபெரி நோயை ஆராய்ந்தார். ஆய்வுகூடக் கோழிகள் தீட்டிய வெள்ளரிசியைத் தின்று கால் தளர்ந்து விழுந்தன. தீட்டாத அரிசி கொடுத்தபோது எழுந்து நடந்தன. தவிட்டோடு நீங்கிய ஏதோ ஒரு பொருளின் இன்மையே நோய்க்குக் காரணம் என்று 1901 இல் கிரைன்ஸ் என்பவர் விளக்கினார். 1912 இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் என்று பெயரிட்டார். 1929 இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனவே தவிடு இழிந்த பொருளன்று. பி வகை விற்றமின்கள் பல அதில் உண்டு. ஆனால் எல்லாம் அதில் இல்லை. விற்றமின் ஏ, டி, பி12 ஆகிய மூன்றுக்கும் தவிட்டை நம்பியிருத்தல் ஆகாது.

விற்றமின் ஏ குறைந்தால் என்னவாகும்? 1933 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரெட் ஹேல் என்ற ஆராய்ச்சியாளர், அச்சத்து அற்ற தீனியில் வளர்த்த தாய்ப்பன்றி ஈன்ற குட்டிகள் கண்விழியின்றிப் பிறந்ததை அறிவித்தார். அத்தகைய பன்றிகளிலிருந்தே, போதிய விற்றமின் ஏ கொடுத்து, கண்ணுள்ள குட்டிகளைப் பெறவும் முடிந்தது. குறை பரம்பரையில் அன்று, தீனியில் இருந்தது என்பது தெளிவாயிற்று.

பி12 இன் கதை வேறு. தாவரத் தீனி மட்டும் உண்ட பன்றிக்குட்டியும் கோழிக்குஞ்சும் செழித்து வளரவில்லை. மீன்தூள் சேர்த்தால் வளர்ந்தன. அவ்வளர்ச்சிக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையான பி12, 1948 இல் பிரித்தெடுக்கப்பட்டது. மாடும் ஆடும் தம் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களால் இதனைப் பெறுகின்றன. கோழிக்கும் பன்றிக்கும் அவ்வசதி போதாது. ஆகவே மாட்டுக்குப் போதுமான தீனி கோழிக்குப் போதும் என்று எண்ணுதல் தவறு.

கடற்கரை மக்களுக்கு இதில் ஓர் ஆதாயமும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மீன்கழிவு பி12 தரும். ஆனால் சிலவகை மீன்களின் உடலில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியம் உள்ளது. 1930களில் மினசோட்டாவில் பச்சைமீன் உண்ட பண்ணை நரிகள் வாதங்கண்டு இறந்தமைக்கு இதுவே காரணம். கொதிக்க வைத்தால் இந்நொதியம் அழியும். ஆதலின் மீன்கழிவை அவித்தே கொடுத்தல் வேண்டும். தவிட்டையும் புதிதாகவே பயன்படுத்துதல் நன்று. நாட்பட்டால் அதிலுள்ள எண்ணெய் காறிப்போகும். காறிய எண்ணெய் தீனியிலுள்ள ஏ, ஈ விற்றமின்களைக் கெடுக்கும்.

வேலியில் நிற்கும் முருங்கையிலும் அகத்தியிலும் விற்றமின் ஏ ஆக மாறும் பொருள் நிறைந்துள்ளது. வெயிலில் திரியும் கோழி விற்றமின் டி ஐத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்கிறது. கூட்டில் அடைத்து வளர்க்கும் கோழிக்கு இவ்விரண்டும் கிட்டா. அதற்கே விற்றமின் கலவை சேர்த்த தீனி இன்றியமையாதது.

கலவையையும் அளவறிந்தே இடல் வேண்டும். ஏ, டி ஆகிய இரண்டும் உடலில் தேங்குவன, மிகுந்தால் நஞ்சாகும். வளரும் குஞ்சுக்கு இருமடங்கு கொடுத்தால் இருமடங்கு வளரும் என்பதில்லை. குறைந்ததை நிரப்புவதே விற்றமினின் வேலை. எது குறைந்தது என்று அறியாமல் செலவிடும் பணம், ஏழைக் குடும்பத்தின் முட்டைக் காசையே விழுங்கிவிடும். முதலில் தீனியை நோக்குக. ஐயம் நீங்காவிடின் கால்நடை வைத்தியரை நாடுக.