பி0171 எச்சரிக்கை: காரணம் தெரியும் முன் பாகம் மாற்ற வேண்டாம்

காரின் முகப்பில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு தெரிந்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் கிடைக்கவில்லை என்று பொருள். வி வடிவ எஞ்சினின் இரண்டாவது பக்கத்துக்கு இதே குறை வந்தால் பி0174 என்று காட்டும்.

1 கிலோ பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. புகைபோக்கிக் குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் எரிந்தபின் மிஞ்சும் ஒட்சிசனை உணர்த்துகிறது. அதைப் பார்த்து எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் விகிதத்தைக் காக்கிறது. பொதுவாக 20 முதல் 25 சதவீதம் வரை கூட்டியும் குறை தீராதபோதே குறியீடு பதிவாகிறது. எனவே இது ஓர் அறிகுறி மட்டுமே. எந்தப் பாகம் பழுது என்பதை இது சொல்வதில்லை. செய்தி தந்த சென்சரையே முதலில் கழற்றி மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

காரணங்கள் இரு வகை. கணக்கில் வராத காற்று நுழைவது ஒன்று: வெடித்த இறப்பர்க் குழாய், தளர்ந்த கிளிப், கசியும் கேஸ்கட். பெற்றோல் போதாமல் போவது மற்றது: வலுவிழந்த பம்ப், அடைபட்ட பில்டர், அழுக்கடைந்த இன்ஜெக்டர். அழுக்கேறிய காற்றளவு சென்சரும், ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் விழுந்த ஓட்டையும் கணினியை ஏமாற்றும். கொட்டியாரக் குடாவை அண்டிய கட்டைபறிச்சான் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றால் வயர் இணைப்புகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். போத்தலில் விற்கப்படும் பெற்றோலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் எஞ்சின் ஓட்டம் கெடும்.

காரணத்தைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கணினி எத்தனை சதவீதம் பெற்றோல் கூட்டுகிறது என்பதை, அக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில் ஒருமுறையும் நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்தில் ஒருமுறையும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். மிதிக்காத நிலையில் அதிகமாயிருந்து வேகத்தில் குறைந்தால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். புகை செலுத்திப் பார்த்தால் கசியும் இடம் தெரியும். வேகமும் சுமையும் ஏற ஏறக் கூடினால் பெற்றோல் அழுத்தத்தையும் காற்றளவு சென்சரையும் சோதிக்க வேண்டும்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி அருகிலுள்ள கராஜுக்குப் போகலாம். அது விட்டுவிட்டு மின்னினாலோ எஞ்சின் உதறினாலோ, கட்டைபறிச்சானிலிருந்து கிண்ணியா வழியே திருகோணமலை வரை ஓட்டிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிக் கெடுக்கும். பழுதைத் திருத்தாமல் குறியீட்டை மட்டும் அழித்தால் அது மீண்டும் வரும். பழைய கார் வாங்குவோர், குறியீடு இப்படி அழிக்கப்பட்டிருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கராஜின் வேலையிலோ பாகத்திலோ குறை இருந்தால், இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பணத்துக்குச் செய்யும் சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் அமைய வேண்டும். பொருத்தும் பாகம் அதன் நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொருள் வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது விற்பவரின் கடமை. முறைப்பாட்டை அதிகாரசபையிடம் 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணையின்பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் வழிகாட்டல் பெறலாம்.

கராஜில் வண்டியை விடும்போது ஸ்கேனர் காட்டிய குறியீட்டையும் அளவுகளையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் பற்றுச்சீட்டையும் கையோடு வாங்கிச் செல்லுங்கள். முறைப்பாடு செய்ய நேர்ந்தால் இவையே சான்று.