பச்சிளங்குழந்தை வரும் வீட்டில் துணி பீரோ

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், பிறந்து ஐந்து நாட்களே ஆன ஆண் குழந்தையை எங்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் நலமுடன் வீட்டுக்குச் சென்ற குழந்தை அது. இப்போது உள்ளங்கால் வரை மஞ்சள் பரவியிருந்தது, உதடு வெளுத்திருந்தது, பால் குடிக்க விழிக்கவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் செவிலியர். குழந்தையைச் சுற்றியிருந்த பழைய வேட்டியை விலக்கியவர், அதை முகர்ந்து பார்த்து, "அம்மா, இது பீரோவிலிருந்து எடுத்ததா?" என்று பாட்டியிடம் கேட்டார். ஆம், பீரோவிலிருந்துதான். பேரன் பிறப்பான் என்று ஓராண்டுக்கு மேலாகத் தாத்தாவின் மெல்லிய வேட்டிகளை மடித்து, நான்கு அந்துருண்டைகளையும் இடையில் போட்டு, பத்திரமாக வைத்திருந்தார் அந்தப் பாட்டி.

குழந்தையின் இரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருந்தது. இரும்பு துருப்பிடிப்பதைப் போல நம் சிவப்பணுக்களும் சில வேதிப்பொருள்களால் தாக்கப்படுகின்றன. அத்தாக்குதலைத் தாங்கும் ஆற்றலை அணுக்களுக்குத் தருவது இந்நொதியே. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறைபாடு இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பெரும்பாலோர் தமக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். தாயின் வழியாக மகனுக்கு வரும் குறைபாடு ஆதலால் ஆண் குழந்தைகளையே அதிகம் பாதிக்கிறது. எனவேதான் கடும் மஞ்சளோடு ஒரு குழந்தை வந்தால், "இதன் தாய்மாமனுக்குச் சிறுவயதில் இப்படி ஏதேனும் வந்ததா?" என்று நாங்கள் கேட்கிறோம்.

அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று நாம் அழைப்பது பெரும்பாலும் நாப்தலின். கற்பூரத்தைப் போல அது உருகாமலேயே ஆவியாகும். மூடிய இரும்புப் பீரோவுக்குள் அந்த ஆவி போக இடமின்றித் துணியின் இழைகளில் ஏறிக்கொள்கிறது. அத்துணியில் குழந்தையைச் சுற்றும்போது மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்கிறது. நாப்தலின் எண்ணெயில் எளிதில் கரையும். எண்ணெய் தேய்த்த தோலில் அது இன்னும் விரைவாக ஊடுருவும் என்பது நம் வீடுகளுக்கு முக்கியமான செய்தி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கையோடு பழந்துணியில் சுற்றுவது நம் வழக்கமல்லவா? இதனினும் எங்களைக் கவலைப்பட வைப்பது சேலைத்தூளி. குழந்தையின் இருபுறமும் முகத்தருகே சேலை மூடியிருக்க, அதே காற்றைக் குழந்தை மணிக்கணக்கில் சுவாசிக்கிறது. அச்சேலை பீரோவிலிருந்து அன்றுதான் எடுத்ததாக இருந்தால் நிலைமையை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

நொதி குறைந்த சிவப்பணுக்கள் இதனால் உடைகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து வெளிவரும் பிலிருபினை வெளியேற்றும் திறன் பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு முழுமையாக வந்திருக்காது. அளவு மிகுந்தால் அது மூளையில் படிகிறது. உயிர் பிழைத்தாலும் செவித்திறன் இழப்பும் கைகால்களின் கட்டுப்பாடற்ற அசைவுகளும் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறோம். வெயில் இதற்குப் போதாது. நீல ஒளிச் சிகிச்சை தேவை. சில நேரங்களில் இரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பிறந்த முதல் நாளிலேயே தெரியும் மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவும் மஞ்சள், மஞ்சளோடு பால் குடிக்காத சோர்வு ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அன்றே, அது இரவானாலும், குழந்தையைக் கொண்டுவாருங்கள்.

பழந்துணி வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணி புதுத்துணியைவிடக் குழந்தையின் தோலுக்கு உகந்தது. புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் அதில் இல்லை. ஆண்டிபட்டி, சக்கம்பட்டித் தறிகளில் நெய்து பத்தாண்டு உடுத்திய சேலையைவிட நல்ல தூளித்துணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்றே நாங்கள் கருதுகிறோம். துணியில் குற்றமில்லை. அதை எதனோடு சேர்த்து எங்கே வைத்தோம் என்பதில்தான் குற்றம்.

அந்துருண்டையை நாம் எதற்காக வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். துணிக்குத் துணி எதிரி வேறு. துணியந்தின் புழு உண்பது கம்பளியையும் பட்டையும். அவை விலங்கின் உரோமத்திலிருந்தும் புழுவின் கூட்டிலிருந்தும் வந்த புரத நார்கள். பருத்தி தாவர நார். வியர்வைக் கறையோ உணவுக்கறையோ படாத சுத்தமான பருத்தியை அந்து நாடுவதில்லை. பருத்தியில் சிறு சிறு துளை விழுந்தால் பெரும்பாலும் அது இராமபாணப் பூச்சியின் வேலை. அது தேடி வருவது வேட்டியில் போட்ட கஞ்சியை. நெடுநாள் எடுத்து வைக்கும் வேட்டி, சேலைகளைக் கஞ்சி போகத் துவைத்து, நன்றாக உலர்த்தி வைத்தாலே போதும், உருண்டைக்கு வேலையில்லை. நம் பக்கத்தில் உலர்த்துவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆடியில் மலைக்கு மேற்கே பெய்யும் மழையின் சாரல் கூடலூர், கம்பம் வரை காற்றோடு வந்துவிடும். தொட்டால் உலர்ந்தது போலிருக்கும் துணி மடிப்பில் ஈரம் வைத்திருக்கும். அதைப் பீரோவில் அடுக்கிப் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் பீரோவைத் திறந்ததும் தும்முவது அதனால்தான்.

பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, பெண் தாய்வீட்டுக்கு வந்த கையோடு, பீரோவை ஒருமுறை முழுவதும் காலி செய்யுங்கள். உருண்டைகளை எடுத்து வெளியே போட்டபின் கதவுகளை இரண்டு மூன்று நாள் திறந்தே வையுங்கள். காகிதம் விரித்திருந்தால் அதையும் மாற்றுங்கள், ஏனெனில் காகிதமும் மணத்தை ஏற்றிருக்கும். குழந்தைக்கென ஒதுக்கும் வேட்டி, சேலை, துண்டுகளைச் சுடுநீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, காற்றோட்டமான வெயிலில் பல நாள் உலர்த்த வேண்டும். முகர்ந்தால் சிறிதளவு மணம் வந்தாலும் அதில் இன்னும் நாப்தலின் இருக்கிறது. ஆண்டாண்டாக அந்தப் பீரோவோடு பழகிய மூக்குக்கு அது தெரியாமற்போகலாம். அடுத்த வீட்டுக்காரர் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையோடு பல ஆண்டுகள் கிடந்த துணியாக இருந்தால் குழந்தைக்கு அதை விட்டுவிடுவதே நல்லது.

துவைத்த குழந்தைத் துணிகளை மீண்டும் அதே பீரோவில் வைக்க வேண்டாம். மூடியுள்ள சுத்தமான கூடையோ, துணிப்பையோ, ஒரு பெட்டியோ போதும். பட்டுச்சேலைகளை மேல்தட்டில், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும், சரிகை கறுக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உதறி, மடிப்பை மாற்றி மடித்தால் பூச்சியும் தங்காது, மடிப்பில் இழையும் விடாது. ஏலமலைக் குளிருக்கு வாங்கிய சுவெட்டரையும் கம்பளியையும் துவைத்து, வெயில் காட்டி, இறுக மூடும் தகரப்பெட்டியில் தனியே போடலாம். காய்ந்த வேப்பிலை போடுகிறவர்கள் போடட்டும். அது பூச்சியை முற்றிலும் தடுக்கும் என்று நாங்கள் உறுதி தரமாட்டோம், வெயிலும் உதறலுமே உண்மையான காவல். வசம்பையும் பலர் வைக்கிறார்கள். துணிக்கிடையில் இருக்கும்வரை தொல்லையில்லை. அதை உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவதுதான் எங்களுக்கு உடன்பாடில்லை.

நடுத்தட்டு, அதாவது இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம், தாய்க்கு உரியது. அறுவைச் சிகிச்சைப் பிரசவம் ஆனவர் முதல் சில வாரங்கள் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து இழுப்பதும், எக்கி மேலிருந்து எடுப்பதும் தையலுக்கு வலி. முன்புறம் திறக்கும் நைட்டிகள், உள்பாவாடைகள், துண்டுகள் அத்தட்டில் இருக்கட்டும். வீட்டில் பக்கவாதம் வந்து ஒரு கை வழங்காத பெரியவர் இருந்தால் அவர் சட்டையும் வேட்டியும் அதே உயரத்தில், அவருக்கு நல்ல கை இருக்கும் பக்கமாக. உடுத்தும்போது வழங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதை எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவினர் சொல்லியிருப்பார்கள்.

பீரோவுக்குள் எந்தத் தட்டிலும் இடமில்லாத துணி ஒன்று உண்டு: மருந்தடித்த துணி. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும், விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குச் சென்று பொழுது சாய வருவோரின் வேலையிலும் பூச்சிக்கொல்லி தவிர்க்க முடியாததாகிவிட்டது. இம்மருந்துகளில் பல தோலின் வழியாகவே உடலுக்குள் புகும். வேலைக்குப் போன சட்டையைக் கழற்றிப் பீரோவின் கொக்கியில் மாட்டினால் அடுத்துள்ள துணிகளுக்கும் அது ஏறும். மருந்தடிக்கும்போது மூக்கில் கட்டிய துண்டாலேயே மாலையில் பேரக்குழந்தையின் வாயைத் துடைத்த தாத்தாவை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர் அன்பில் குறையில்லை. அது அவருக்கு அழுக்காகத் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வெளியே ஓர் ஆணி அடித்து வேலைத்துணியை அங்கேயே மாட்டுங்கள். அன்றன்றே தனி வாளியில், கையுறை அணிந்து, வேறு துணி சேர்க்காமல் சோப்பில் இரண்டு முறை துவைத்துத் தனிக்கொடியில் உலர்த்துங்கள். தோட்டத்திலிருந்து வருபவர், பாட்டியானாலும் பால் கொடுக்கும் தாயானாலும், குளித்து மாற்றுத்துணி உடுத்திய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். குழந்தைக்குத் திடீரென வாயில் எச்சில் பெருகி, வியர்த்து, மூச்சு இரைத்து, துவண்டால் தாமதிக்க வேண்டாம். மிச்சமான மருந்துப் பாட்டிலைப் பீரோவுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் வைக்கும் பழக்கத்தையும் இத்துடன் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பூட்டுள்ள பெட்டி, வீட்டுக்கு வெளியே.

தவழும் வயது வந்தபின் இன்னோர் ஆபத்து. வெள்ளை உருண்டை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்தான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள்; கொழுப்பு அதை விரைவாக உடலுக்குள் சேர்க்கும். மிச்சமுள்ள உருண்டையையும் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து வந்துவிடுங்கள். அவ்வேளையில் குழந்தை சிரித்து விளையாடலாம். வெளுப்பும், மஞ்சளும், கடும் தேநீர் நிறச் சிறுநீரும் ஓரிரு நாள் கழித்துத் தோன்றும். சாமி அலமாரியின் சூடக்கட்டி அப்படிக் காத்திருக்காது. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலின் அந்துருண்டைகளை 2008-இலேயே தடைசெய்துவிட்டது. நம் கடைவீதிகளில் அவை இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன.

அந்தக் குழந்தைக்கு ஒருமுறை இரத்தம் மாற்றினோம்; நான்கு நாட்கள் நீல ஒளியில் வைத்திருந்தோம். அணுக்கள் உடையும் வேளையில் செய்யும் ஜி6பிடி பரிசோதனை சில குழந்தைகளில் இயல்பாக இருப்பதுபோல் காட்டிவிடும் என்பதால் மூன்றாம் மாதத்தில் மீண்டும் பார்ப்பது எங்கள் வழக்கம். இவனுக்கு அப்போதும் குறைவாகவே இருந்தது. செவிப் பரிசோதனையில் இரு காதும் நன்றாகக் கேட்டன. பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோபியூரன்டாயின் உள்ளிட்ட, அவன் வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தோம். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டவேண்டும் என்றோம். பாட்டி அட்டையை வாங்கி, எங்கே வைப்பது என்று சிறிது யோசித்தார். பிறகு, "பீரோவில் வேண்டாம் டாக்டர், ரேசன் கார்டோடு வைக்கிறேன்" என்றார்.