ரம் பாட்டிலில் 'ஒயின் பீப்பாய்' என்ற சொல்: வாங்குபவர் அறிய வேண்டியது என்ன?

திருவனந்தபுரம்: உயர்விலை ரம் பாட்டில்களின் முகப்புச் சீட்டில் அண்மை ஆண்டுகளாக ஒரு புதிய வாசகம் இடம்பெறத் தொடங்கியுள்ளது. 'ஒயின் பீப்பாயில் நிறைவு செய்யப்பட்டது' என்பதே அது. சில பாட்டில்களில் போர்ட் என்றும், வேறு சிலவற்றில் ஷெர்ரி அல்லது மதேரா என்றும் பீப்பாயின் பெயர் குறிப்பிடப்படுகிறது. இச்சொற்களுக்காக வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கிறார். அந்தக் கூடுதல் விலைக்கு உரியது உண்மையாகவே பாட்டிலுக்குள் இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது, ஒயின் பீப்பாய் ரம்மில் என்ன மாற்றத்தைச் செய்கிறது, சீட்டு சொல்லாமல் விடுவது என்ன என்பன பற்றிய விளக்கம் இது.

திருவிதாங்கூரும் ரம்மும்

கேரளத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1984-இல் தொடங்கப்பட்ட கேரள மாநில மதுபானக் கழகம் (பெவ்கோ) வழியாகவே மாநிலத்தின் மதுபான மொத்த வணிகம் நடைபெறுகிறது. சில்லறை விற்பனையிலும் பெரும்பங்கு அக்கழகத்துடையது. அரசு விற்பனையாளராக இருப்பதோடு ரம் உற்பத்தியாளராகவும் உள்ளது. பத்தனம்திட்டா மாவட்டம் திருவல்லா அருகே வளஞ்ஞவட்டத்தில் உள்ள அரசு நிறுவனமான டிராவன்கூர் சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ், குறைந்த விலை 'ஜவான்' ரம்மைத் தயாரித்து வருகிறது.

இந்நிறுவனத்தின் வரலாறு தமிழ் வாசகர்களுக்கும் தொடர்புடையது. 1937-இல் இது உருவாக்கப்பட்டபோது, திருவிதாங்கூர் அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மூன்று தொழில்களை ஏற்றுக்கொண்டது. கலைக்கப்பட்டு வந்த திருவிதாங்கூர் சர்க்கரை நிறுவனம், நாகர்கோவிலில் இருந்த அரசு வடிசாலை, திருவனந்தபுரத்தில் இருந்த அரசு டிஞ்சர் மருந்துத் தொழிற்சாலை ஆகியவையே அவை. கரும்பு, சர்க்கரை, வடிசாராயம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை அந்த ஏற்பாடே காட்டுகிறது. சர்க்கரை ஆலையில் எஞ்சும் மொலாசஸ் என்ற கரும்பாகைப் புளிக்கவைத்து வடிப்பதன் மூலமே உலகின் பெரும்பகுதி ரம் கிடைக்கிறது.

இன்று கேரளத்தில் பாட்டிலில் அடைக்கப்படும் மதுவகைகளுக்கு வேண்டிய எரிசாராயம் வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. மிக உயர்ந்த அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்ட இந்த எரிசாராயத்தில் கரும்பின் மணம் ஏறத்தாழ எஞ்சியிருப்பதில்லை. இந்தியாவில் விற்கப்படும் குறைந்த விலை ரம் வகைகள் பலவும் இந்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றின் கருநிறம் பெரும்பாலும் கேரமல் என்னும் கருக்கிய சர்க்கரையால் வருவது. எனவே நிறத்தைக் கொண்டு ரம்மின் வயதைக் கணிக்க இயலாது. இதுவே வாங்குபவர் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் செய்தி.

பீப்பாய் செய்யும் வேலை

வடித்தெடுத்த ரம் நீர்போல் நிறமற்றது. ஓக் மரப் பீப்பாயில் அது ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. மரத்தில் உள்ள பொருள்கள் மதுவில் கரைகின்றன. மரத்தின் நுண்துளைகள் வழியே புகும் காற்று, மதுவின் காரத்தை மெல்லத் தணிக்கிறது. ஒரு பகுதி ஆவியாகி வெளியேறுகிறது.

பீப்பாய் செய்யும்போது அதன் உட்புறம் நெருப்பில் வாட்டப்படுகிறது. அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் சிதைந்து, வனிலா மணம் தரும் வனிலினாக மாறுகிறது. மரத்தின் சர்க்கரைத் தன்மையுள்ள பகுதிகள் கருகி, பாகு போன்ற மணத்தைத் தருகின்றன. ஓக் மரத்தின் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணத்தையும், டேனின் துவர்ப்பையும் தருகின்றன.

ரம் முதிர்ச்சிக்கு உலகெங்கும் அதிகம் பயன்படுவது அமெரிக்காவின் போர்பன் விஸ்கி இருந்த பழைய பீப்பாய்தான். போர்பனுக்குப் புதிய கருக்கிய ஓக் கொள்கலனையே பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட, சுமார் 200 லிட்டர் கொள்ளும் அப்பீப்பாய்கள் பிற நாட்டு வடிசாலைகளுக்கு விற்கப்படுகின்றன.

ஒயின் பீப்பாய் சேர்ப்பது என்ன?

ஒயின் பீப்பாயின் தன்மை வேறு. அதன் உட்புறம் பொதுவாகக் கருக்கப்படாமல் மிதமாக வாட்டப்பட்டிருக்கும். பலகைகள் ஒயினை உறிஞ்சி வைத்திருக்கும். அதில் ரம்மை ஊற்றும்போது, பலகைகளில் ஊறிய ஒயின் சிறிது சிறிதாக ரம்மில் கலக்கிறது. சிவப்பு ஒயின் பீப்பாய் பழச்சுவையையும் துவர்ப்பையும் தருகிறது. போர்ட் பீப்பாய் உலர்திராட்சை, பிளம் போன்ற இனிய பழமணத்தைத் தருகிறது. ஷெர்ரி பீப்பாயில் அக்ரூட், உலர் அத்தி ஆகியவற்றை நினைவூட்டும் மணம் மேலோங்கும். மதேரா பீப்பாய் மெல்லிய புளிப்பையும் கருக்கிய சர்க்கரையின் மணத்தையும் சேர்க்கும்.

இவ்வாறு இரண்டாவது பீப்பாயில் சில காலம் வைத்து எடுப்பதே 'நிறைவு' எனப்படுகிறது. இம்முறை ஸ்காட்லாந்தின் விஸ்கித் தொழிலில் 1980, 1990-களில் பரவியது. போர்பன் பீப்பாயிலிருந்து ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றப்பட்ட 'பால்வெனி டபுள்வுட்' 1993-இல் விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலும் ஹரியானாவின் பிக்காடிலி நிறுவனம் தயாரிக்கும் 'இந்திரி டிரினி' விஸ்கி, போர்பன், பிரெஞ்சு ஒயின், ஷெர்ரி ஆகிய மூவகைப் பீப்பாய்களில் முதிர்ந்தது. ரம்மைப் பொறுத்தவரை பார்படோஸ் தீவின் ஃபோர்ஸ்கொயர் வடிசாலை இதில் முன்னணியில் உள்ளது. அதன் 'கிரைட்டீரியன்' என்ற ரம் 3 ஆண்டுகள் போர்பன் பீப்பாயிலும் 7 ஆண்டுகள் மதேரா பீப்பாயிலும் இருந்தது. அதன் மதுச்செறிவு 56 சதவீதம்.

இந்த எடுத்துக்காட்டில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. ஏழாண்டுகள் ஒயின் பீப்பாயில் இருந்த ரம்முக்கும், சில வாரங்கள் மட்டும் இருந்த ரம்முக்கும் சீட்டில் ஒரே சொல் இடம்பெறக்கூடும். எந்தப் பீப்பாயில் எத்தனை காலம் என்பதைப் பிரித்துச் சொல்லும் சீட்டே முழுமையானது.

வெப்ப நாட்டின் கணக்கு

ஆவியாகிப் போகும் பங்கை வடிசாலையினர் 'தேவதைகளின் பங்கு' என்பர். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் இது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரு போன்ற இடங்களில் 10 சதவீதத்திற்கும் மேல் செல்கிறது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 12 ஆண்டுகள் வைக்கப்படுவதாகக் கொண்டால், 2 சதவீத இழப்பில் ஏறத்தாழ 157 லிட்டர் எஞ்சும். 10 சதவீத இழப்பில் எஞ்சுவது சுமார் 56 லிட்டர் மட்டுமே.

வெப்பத்தில் மரத்தின் சாரமும் விரைவாக இறங்குகிறது. அதனால் வெப்ப நாட்டில் 5 ஆண்டுகள் முதிர்ந்த மது, குளிர் நாட்டில் அதைவிட நெடுங்காலம் முதிர்ந்த மதுவைப் போன்ற நிறத்தையும் மரமணத்தையும் பெற்றுவிடலாம். காற்றின் ஈரப்பதமும் ஒரு காரணி. திருவனந்தபுரம் போன்ற ஈரமான கடலோரச் சூழலில் நீரைவிட ஆல்கஹால் விரைந்து வெளியேறும். பீப்பாயில் உள்ள மதுவின் செறிவு குறையும். வறண்ட இடங்களில் இதற்கு நேர்மாறாக நிகழும்.

இக்கணக்கு வாங்குபவருக்கும் பயன்படும். இந்தியாவில் நெடுங்காலம் முதிர்ந்தது என்று கூறும் ரம் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால், ஆவியான பங்கின் செலவை யார் ஏற்றார் என்ற கேள்வி இயல்பாக எழும்.

எண் எப்போதும் வயதாகாது

சீட்டில் உள்ள எண்ணையும் கூர்ந்து படிக்க வேண்டும். ஸ்காட்ச் விஸ்கியில் எண் குறிப்பிடப்பட்டால், கலவையில் உள்ள மிக இளைய மதுவின் வயதையே அது குறிக்க வேண்டும். ரம்மில் எல்லா நாடுகளிலும் ஒரே விதி இல்லை. குவாத்தமாலாவின் 'சக்காபா 23' இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. அதில் 6 ஆண்டு முதல் 23 ஆண்டு வரை வயதுள்ள ரம் வகைகள் கலந்துள்ளன. எண்ணுக்கு அருகில் 'ஆண்டுகள்' என்ற சொல் உள்ளதா, 'குறைந்தது' என்ற பொருளில் அது எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது.

சுவைத்தறியும் முறை

சீட்டு சொல்லாததை மூக்கும் நாவும் ஓரளவு சொல்லும். சுவைத்தறிவோர் பின்பற்றும் முறை எளியது. அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் 15 மில்லிலிட்டர் அளவு போதுமானது. பனிக்கட்டி, சோடா, குளிர்பானம் எதுவும் சேர்ப்பதில்லை. குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும். ஊற்றிய பின் பத்து நிமிடங்கள் காத்திருந்தால் எரிசாராயத்தின் முதல் நெடி அடங்கும். மூக்கைக் கிண்ணத்தினுள் ஆழமாக நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி முகர வேண்டும்.

முதலில் தேட வேண்டியது கரும்பின் மணம். வெல்லப்பாகு, பழுத்த வாழை, புளித்த பழம் போன்ற மணங்கள் வடித்த மதுவிலிருந்தே வருபவை. அடுத்து வனிலா, தேங்காய், மசாலா ஆகியவை முதற்பீப்பாயின் அடையாளங்கள். அதன்பிறகே ஒயினின் திராட்சை மணத்தைத் தேட வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் தனித்தனியே உணரப்பட்டால் நிறைவு சரியாக அமைந்திருக்கிறது எனலாம். ஒயினின் இனிப்பு மட்டுமே தெரிந்து கரும்பு காணாமற்போயிருந்தால், அடிப்படை மது வலுவற்றதாக இருக்கலாம். அல்லது இரண்டாவது பீப்பாய் அளவுமீறியிருக்கலாம்.

ஒரு சிறு மிடறை நாவில் சில நொடிகள் வைத்து விழுங்கிய பின் எஞ்சுவதே முக்கியமான சான்று. மரத்திலிருந்து வந்த துவர்ப்பு ஈறுகளில் மெல்லிய வறட்சியைத் தரும். சுவை படிப்படியாக மாறி மறையும். சேர்க்கப்பட்ட சர்க்கரை உதட்டில் பிசுபிசுப்பை விட்டுச் செல்லும். சுவை மாறாமல் ஒரே இனிப்பாக நிற்கும். சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்ந்தால் மறைந்திருந்த மணங்கள் வெளிப்படும். ஒயின் பீப்பாயில் வைக்காத ரம் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

சர்க்கரை என்ற சொல்லப்படாத செய்தி

வடித்த மதுவில் சர்க்கரை இருப்பதில்லை. பீப்பாயிலிருந்து வருவதும் மிகச் சிறிய அளவே. ஆனால் உலகச் சந்தையில் உள்ள ரம் வகைகள் பலவற்றில் பிற்பாடு சர்க்கரை சேர்க்கப்படுகிறது. போர்ட் பீப்பாய் தரும் இனிய மணத்தை அந்தச் சர்க்கரை போலவே காட்டவும் முடியும், உண்மையான மணத்தை மூடிவிடவும் முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே மாதம் முதல் ரம்மில் சேர்க்கும் இனிப்பை லிட்டருக்கு 20 கிராம் என வரையறுத்துள்ளது.

இதனைக் கண்டறிவது அரிய வேலை ஆகாது. மதுச்செறிவை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கருவி, திரவத்தின் அடர்த்தியைக் கொண்டே கணக்கிடுகிறது. சர்க்கரை கலந்திருந்தால் அடர்த்தி கூடுவதால், சீட்டில் உள்ள செறிவைவிடக் கருவி குறைவாகக் காட்டும். இந்தியாவில் வழக்கமான 42.8 சதவீதம் என அச்சிடப்பட்ட ரம்மில் கருவி 38 சதவீதம் எனக் காட்டினால், இடையே உள்ள வேறுபாட்டிற்குக் கரைந்துள்ள பொருளே காரணமாக இருக்கும்.

பின்லாந்தின் ஆல்கோ, சுவீடனின் சிஸ்டம்போலாகெட் ஆகியவை அரசு மதுவிற்பனை நிறுவனங்கள். தாங்கள் விற்கும் மதுவகைகளின் சர்க்கரை அளவை அவை பொதுமக்களுக்கு வெளியிடுகின்றன. உலகெங்கும் உள்ள ரம் ஆர்வலர்கள் அப்பட்டியல்களையே சான்றாகக் கொள்கின்றனர். ஒரே கொள்முதல் வாயில் அரசின் கையில் இருப்பதால் அந்நாடுகளில் அது எளிதாகிறது. அதே வாய்ப்பு கேரளத்தின் பெவ்கோவுக்கும், 2003 முதல் சில்லறை விற்பனையை நடத்திவரும் தமிழ்நாட்டின் டாஸ்மாக் நிறுவனத்துக்கும் உள்ளது. அடிப்படை மது எது, எந்தப் பீப்பாயில் எத்தனை காலம், சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்ற மூன்று விவரங்கள் கடை அலமாரியிலேயே கிடைத்தால், விலைக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை வாங்குபவர் தாமே மதிப்பிட முடியும்.

உடல்நலக் குறிப்பு

பீப்பாய் எதுவாயினும் உடலில் ஆல்கஹாலின் விளைவு ஒன்றே. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்தது. கேரளத்தில் மது வாங்கவும் அருந்தவும் குறைந்தபட்ச வயது 23. சுவைத்தறிதலில் தேர்ந்தவர்கள் மிடறை விழுங்காமல் உமிழ்ந்துவிடுவது வழக்கம். மணமும் சுவையும் அறிய அதுவே போதுமானது.