கொலம்பிய உழவரும் சந்தாக் கோப்பியும்

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு ஒரு பருவம் உண்டென்பதை யாழ்ப்பாணத்துச் சிறுவரும் அறிவர். கோப்பிக்கும் அவ்வாறே பருவம் உண்டென்பதை அதனை நாள்தோறும் பருகுவோரிற் பலர் எண்ணுவதில்லை. கடையில் அடைத்துவைத்த தூளாகவே காண்பதனால், அது மரத்திற் பழுத்த ஒரு பழத்தின் விதை என்பது மறந்துபோகின்றது. இம் மறதிக்கு வணிகமும் ஒரு காரணம். பெரிய நிறுவனங்கள் பல நாட்டுக் கொட்டைகளைக் கலந்து, ஆண்டு முழுவதும் ஒரே சுவை நிற்குமாறு செய்கின்றன. ஒரு நாட்டுச் சரக்கு விலையேறினால் அதன் இடத்தை வேறொரு நாட்டுச் சரக்கு நிரப்பும். குடிப்பவர் வேறுபாட்டை உணரார். விளைவித்தவர் யார் என்பதும் அக் கலவையிற் கரைந்துவிடும்.

இதற்கு மாறான முறையொன்று அண்மைக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறிய அளவிற் கோப்பி வறுத்து விற்போரிடையே பரவியுள்ளது. சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவதுபோல, வாங்குவோர் சில மாதங்களுக்கு முற்பணம் கட்டுகின்றனர். புதிதாக வறுத்த கோப்பி மாதந்தோறும் அஞ்சலில் வீடு வந்து சேருகின்றது. அதன் சுவை என்றும் ஒருபடியாய் இராது. எந்த மலையின் அறுவடை கைக்கு வந்ததோ அதற்கேற்பக் கலவை மாறும். பருவக் கலவை என்பது இதுவே.

சிறு உழவருக்கு இதனால் வரும் பயன் யாது என்பதை அறியக் கொலம்பிய நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கோப்பி பயிரிடுகின்றன. அவர்களுட் பெரும்பாலாரிடம் 5 ஹெக்டேயருக்கும் குறைந்த நிலமே உண்டு. நாடு பூமத்தியரேகையை அடுத்திருப்பதால் மலைப்பகுதிகள் பலவற்றில் ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம் வருகின்றது. வறட்சிக்குப் பின் மழை விழுந்ததும் கோப்பிச் செடி மல்லிகைபோல வெண்மையாகப் பூக்கும். பூ கனியாகிச் சிவக்க ஏறக்குறைய 8 மாதங்கள் செல்லும். ஆகவே, நம் நெல்வயல்களுக்குப் போலவே, அங்கும் பெரும்போகமும் சிறுபோகமும் உண்டு. அந்தியோக்கியா மாவட்டத்தில் ஆண்டின் கடைசி மாதங்களிற் பெரும்போகம். தெற்கே நரீஞோவில் ஆண்டின் நடுப்பகுதியில் அறுவடை. வடக்கே கடலோரத்துச் சாந்தா மார்த்தா மலையில் ஆண்டுக்கு ஒரே போகந்தான். ஒரு நாட்டுக்குள்ளேயே பருவக் கலவைக்கு வேண்டிய வேறுபாடு இயற்கையாய் அமைந்திருக்கின்றது.

அறுவடை எளிய வேலையன்று. ஒரே கொத்திற் பச்சைக் காயும் சிவந்த பழமும் கலந்து நிற்குமாதலால், பழுத்தவற்றை மட்டும் கையாற் பொறுக்க வேண்டும். அன்றைக்கே வீட்டு எந்திரத்தில் மேற்றோலை நீக்கி, இரவு முழுவதும் தொட்டியிற் புளிக்கவிட்டு, கழுவி, வெயிலில் உலர்த்துவர். சில வீடுகளின் கூரை தண்டவாளத்தில் ஓடும் வண்ணம் அமைந்தது. வெயிலில் கூரையைத் தள்ளிவிட்டு அதன் கீழுள்ள தளத்திற் கொட்டையைப் பரப்புவர். மழை வந்தால் மறுபடி இழுத்து மூடுவர். 5 கிலோ பழத்திலிருந்து, உள்தோல் நீங்காத உலர்ந்த கொட்டை 1 கிலோ அளவே கிடைக்கும்.

பழம் பறிப்போருக்குக் கூலி உடனுக்குடன் கொடுத்தாக வேண்டும். பசளைக் கடன் முன்னரே ஏறியிருக்கும். ஆனால் விலையோ நியூயோர்க் சந்தையில் தீர்மானிக்கப்படுகின்றது. உலக நாடுகள் ஏற்றுமதிக்கு வகுத்திருந்த பங்கீட்டு முறை 1989 யூலையிற் குலைந்தபோது விலை சில மாதங்களுள் ஏறக்குறையப் பாதியாயிற்று. 2001 இல் இறாத்தலுக்கு 50 சதத்துக்கும் கீழே வீழ்ந்தது. 2025 பெப்ரவரியிலோ 4 டொலரையும் தாண்டியது. 1927 இல் நிறுவப்பட்ட கொலம்பியக் கோப்பி உழவர் தேசிய சம்மேளனம், உழவர் கொண்டுவரும் கோப்பியை அன்றன்றைய விலைக்கு வாங்குவதாக உறுதி கூறுகின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது விற்பனைக்கு உறுதியேயன்றி விலைக்கு உறுதியன்று.

சந்தாவின் பயன் இங்கேதான் தோன்றுகின்றது. 300 பேர் மாதம் அரைக் கிலோ வீதம் சந்தா கட்டினர் எனக் கொள்வோம். மாதத்துக்கு வறுத்த கோப்பி 150 கிலோ வேண்டும். வறுக்கும்போது எடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையுமாதலால் பச்சைக் கொட்டை 180 கிலோ. ஆண்டுக்கு 2,160 கிலோ. வறுப்பவர் இந்த அளவை அறுவடைக்கு முன்னரே உழவருக்குச் சொல்லிவிடலாம். கையிலிருக்கும் முற்பணத்தில் ஒரு பகுதியைக் கூலிக்கென அனுப்பவும் இயலும். ஆனால் இந்த அளவு ஏறக்குறைய இரண்டு ஹெக்டேயரின் விளைச்சலே. முந்நூறு வீடுகளின் காலைக் கோப்பி ஓரிரு உழவர் குடும்பங்களையே தாங்குகின்றது என்பதை விளம்பரங்கள் கூறுவதில்லை.

அளவை முன்கூட்டிப் பேசுவது எளிது. விலையை முன்கூட்டிப் பேசுவது இருபுறமும் வெட்டும் வாள். 2021 இல் விலை வேகமாக உயர்ந்தபொழுது, முன்னர் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பிய உழவர் பலர் சரக்கைக் கொடாது விட்டனர். இடையில் நின்ற கூட்டுறவுச் சங்கங்கள் பெரும் நட்டத்துக்கு உள்ளாயின. ஆதலால் அளவை முன்னரும், விலையை அறுவடைக் காலத்திலும் முடிவு செய்து, அதற்கொரு கீழெல்லை வகுப்பதே அறிவுடைய வழியாகத் தோன்றுகின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1869 இல் இலங்கைத் தோட்டங்களிற் கண்டறியப்பட்டு, இருபது ஆண்டுகளுள் இந்நாட்டுக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய், 2008 இன் பின் கொலம்பியாவைப் பெரிதும் தாக்கியது. மிகுமழையும் சேர்ந்துகொள்ள, 2007 இல் 1 கோடியே 26 இலட்சம் மூடையாயிருந்த விளைச்சல் 2012 இல் 77 இலட்சமாகக் குறைந்தது. நோயைத் தாங்கும் இனங்களைப் புதிதாக நட்ட பின்னரே அது மீண்டது. அத்தகைய ஆண்டிற் பருவக் கலவை விற்பவர் வேறொரு மலைக்கு மாறிவிடலாம்; குடிப்பவருக்குக் குறையில்லை. விளைச்சல் தவறிய உழவருக்கோ அந்த மாற்றம் வாங்குபவரை இழப்பதாகும். வறுப்பவர் அடுத்த போகத்துக்கு அதே ஊருக்குத் திரும்பி வருகின்றாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சிலர் பொதியின்மேல் மாவட்டத்தின் பெயரையும் அறுவடை மாதத்தையும் கொடுத்த விலையையும் அச்சிடுகின்றனர். கப்பற் பயணத்துக்கும் களஞ்சியத்துக்கும் காலம் செல்லுமாதலால், அறுவடை மாதம் சில மாதங்கள் முந்தியதாயிருத்தல் இயல்பே. பச்சைக் கொட்டை நன்கு பேணினால் ஓராண்டளவு கெடாது. வறுத்த நாளே கவனிக்கத்தக்கது, வறுத்த கொட்டையின் மணம் சில வாரங்களே நிற்கும். விலையைப் படிக்கும்போது, அது துறைமுகத்திற் கப்பலேற்றிய விலையா, உழவர் தம் வாயிலிற் பெற்ற விலையா என்று பார்த்தல் வேண்டும். இரண்டுக்கும் இடையில் தோல் நீக்கும் ஆலை, லொறி, ஏற்றுமதி செய்வோர் ஆகிய எல்லோருடைய பங்கும் அடங்கியுள்ளது.