தம் முடிபைத் திருத்திய சரித்திராசிரியர்

கொழும்புக் கொச்சிக்கடையிலே, செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியார் கோயில் வாசலில் நீளும் வரிசையில் நின்றுகொண்டு, இந்த இடத்துக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால், அவர் கத்தோலிக்கராயினும் சைவராயினும் பௌத்தராயினும், பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர் வியாபாரியைப்போல் வேடம் பூண்டு இங்கே கடை வைத்திருந்தாராம். கடலரிப்பினால் குடிசைகளை இழந்துகொண்டிருந்த மீனவர்களின் வேண்டுகோளுக்கிணங்கி அவர் சிலுவையை நட்டுச் செபித்தபோது கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்ததாம். கொச்சியாருடைய கடை இருந்த இடம் கொச்சிக்கடை ஆயிற்றாம்.

சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கதையாதலால் எனக்கு இதன்மீது மிகுந்த பிரியம் உண்டு. ஆயினும் நீர்கொழும்புக்கு வடக்கே இன்னொரு கொச்சிக்கடை இருக்கிறது. நம் நாட்டுப் பேச்சில் மிளகாய்க்கே கொச்சிக்காய் என்று பெயர். இவ்விரண்டும் குருவானவரின் கதையைப் பொய்யாக்கிவிடா. ஆனால் சரித்திரம் கற்ற ஒருவர் அக்கதையோடு நின்றுவிட முடியாதபடி அவரைத் தடுத்து நிறுத்தும். ஒல்லாந்தர் எழுதி வைத்த தோம்பு என்னும் காணிப் பதிவேடுகளில் இப்பெயர் எப்போது முதன்முதலாகத் தோன்றுகிறது, பழைய வரைபடங்களில் இவ்விடம் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கிறது, கொச்சியிலிருந்து வந்த வணிகர் வேறு எங்கெங்கே குடியிருந்தனர் என்றெல்லாம் அவர் கேட்பார். நம்பிக்கையுள்ளவன் மனம் புண்படுமே என்று அவர் கேள்வியை விழுங்கிவிடுவதில்லை. கேள்வி கேட்டதனால் அவரை நாத்திகர் என்றும் நாம் சொல்வதில்லை.

ஒரு தெருவின் பெயர் விஷயத்தில் நாம் காட்டும் இந்தப் பொறுமை, ஓர் இனத்தின் பூர்விகம் பற்றிய பேச்சு வந்த மாத்திரத்தில் எங்கேயோ போய்விடுகிறது. இலங்கையில் சரித்திரம் என்பது காணி உறுதி. யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்பதைக் கொண்டே இன்று யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்க முயலும் நாட்டிலே, சரித்திராசிரியரை நாம் உறுதி முடிக்கும் நொத்தாரிசாகவோ, நம் பக்கத்து வழக்கைப் பேசும் அப்புக்காத்தாகவோதான் பார்க்கிறோம். நமக்குச் சாதகமாக எழுதினால் மாலை. பாதகமாக எழுதினால் வசை. இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதையும், இதற்கு உடன்படாமல் வாழ்ந்து காட்டிய ஒரு தமிழ்ப் பேராசிரியரின் செயல் எவ்வளவு பெரியது என்பதையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கார்த்திகேசு இந்திரபாலா 1965ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு, இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றத்தையும் பற்றியது. அன்று கைக்குக் கிடைத்த சாசனங்களையும் நூல்களையும் அளந்து பார்த்த அவர், தமிழ் வணிகரும் படைவீரரும் பண்டுதொட்டு வந்துபோன செய்திகள் உண்டெனினும், ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் பரந்த, நிலையான தமிழ்க் குடியேற்றங்கள் இருந்தன என்று நிறுவத்தக்க திடமான ஆதாரம் இல்லை என்ற முடிபுக்கு வந்தார். ஓர் ஆய்வேட்டின் வரையறுத்த முடிபு அது. ஆனால் அரசியல் மேடைக்கு வரையறைகள் தேவைப்படுவதில்லை. தமிழர் நேற்று வந்தவர் என்று சொல்ல விரும்பிய சிங்களத் தேசியவாதிகளுக்கு, ஒரு தமிழரே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாக அது ஆயிற்று. தமிழர் பலருக்கோ அது காட்டிக்கொடுத்த செயலாகத் தோன்றிற்று. ஆய்வேட்டைப் படித்தவர் சிலர், பேசியவர் பலர்.

அக்காலத்துப் பல்கலைக்கழக வாழ்வையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டுவித்த பொன்னம்பல முதலியாரின் மைந்தரும், அதனைக் கருங்கல் திருப்பணியாகப் புதுப்பித்த இராமநாதனின் தம்பியுமாகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1906ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று சங்கம் கூட்டி உழைத்தவர்களுள் முதல்வர். தாமும் இலங்கைச் சரித்திரம் எழுதியவர். அவர் கண்ட கனவு 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாகி, பின்னர் மகாவலிக் கரையில் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1968 அளவில் தொடங்கிய இலங்கையியல் கருத்தரங்கில் சிங்கள அறிஞரும் தமிழ் அறிஞரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கட்டுரையை ஒருவர் கிழித்து ஆராய்ந்தனர். ரஜரட்டை நாகரிகத்தின் வீழ்ச்சியைப் பற்றி 1971இல் வெளிவந்த ஆங்கிலத் தொகுதியின் பதிப்பாசிரியர் இதே இந்திரபாலாதான். ஆனால் அதே வளாகத்தில், கலைப்பீட வகுப்புகள் தாய்மொழிகளில் நடக்கத் தொடங்கியபின், சிங்கள மாணவன் சிங்கள நூலையும் தமிழ் மாணவன் தமிழ் நூலையும் மட்டுமே வாசித்து வெளியேறும் நிலை உண்டாயிற்று. தாய்மொழிக் கல்வி நியாயமானதே. அதை நான் குறை சொல்லவில்லை. ஆயினும், ஆசிரியர்கள் ஒரு மேசையில் வாதாடிய விஷயம் மாணவரிடம் இரண்டு சரித்திரங்களாகப் பிரிந்து போய்ச் சேர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளில் தரப்படுத்தல் வந்தது. பல்கலைக்கழக வாசலே இனப்பூசலின் களமாயிற்று.

1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் திறக்கப்பட்டபோது இந்திரபாலா அங்கே சென்று வரலாற்றுத் துறையைக் கட்டியெழுப்பினார். 1980-81 காலப்பகுதியில் அவரும் அவருடைய மாணவரும் சக ஆய்வாளருமாகச் சேர்ந்து ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமத்தலம் ஒன்றை அகழ்ந்தனர். மண்ணுக்குள் நீட்டிக் கிடத்தப்பட்டிருந்த ஓர் எலும்புக்கூடு. அதைச் சூழ மட்பாண்டங்கள். அதனோடு, மோதிரம் ஒன்றில் பதிக்கப்பட்டிருந்த சிறு முத்திரை. விரல் நுனியில் அடங்கிவிடும் அந்த முத்திரையின் மேல் வரியில் மூன்று குறியீடுகள். கீழ் வரியில் மூன்று பிராமி எழுத்துகள். அவ்வெழுத்துகளைக் ‘கோ’ என்று தொடங்கும் ஒரு பெயராக, தலைவன் ஒருவனைச் சுட்டுவதாக, அறிஞர்கள் வாசித்தனர். முழுப் பெயர் இன்னதென்பதில் வாசிப்புகள் வேறுபடும். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில், யாழ்ப்பாணக் குடாநாட்டில், திராவிட மொழிச் சொல்லைத் தன் கைவிரலில் அணிந்திருந்த ஒருவன் அங்கே படுத்திருந்தான். தமிழருக்கு விரோதமாக எழுதினார் என்று தூற்றப்பட்டவரின் கைகளே அந்த மண்ணை விலக்கின.

அதே 1981ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. மண்ணிலிருந்து ஒரு சான்று வெளிவரும்போது, மண்ணுக்கு மேலிருந்த சான்றுகள் இப்படி அழிந்துபோயின.

பிறகு நெடுங்காலம் யுத்தம், புலம்பெயர்வு. தம் ஆய்வேட்டை எழுதி நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 2005இல், அவுஸ்திரேலியாவிலிருந்து இந்திரபாலா ஒரு புதிய நூலை வெளியிட்டார். அதன் தமிழ் வடிவம் ‘இலங்கையில் தமிழர்’ என்ற பெயரில் வந்தது. பழைய ஆய்வேட்டின் முக்கிய முடிபுகள் சில இனிச் செல்லா என்று தாமே ஏற்றுக்கொண்டு, பொம்பரிப்பு, கந்தரோடை, ஆனைக்கோட்டை முதலிய இடங்களின் அகழாய்வுகளையும் புதிய சாசன வாசிப்புகளையும் கொண்டு அவர் இந்நூலில் மீளக் கட்டிய சித்திரத்தைச் சாதாரண வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். வடக்கேயிருந்து ஒரு கூட்டம் கப்பலேறி வந்து சிங்களவராகவும், தெற்கேயிருந்து ஒரு கூட்டம் வந்து தமிழராகவும் ஆனார்கள் என்பதன்று விஷயம். இத்தீவில் கற்காலந்தொட்டு வாழ்ந்த மக்களே இரு சாராருக்கும் பெரும்பான்மையான மூதாதையர். தென்னிந்தியாவோடு பொதுவான இரும்புக்காலப் பண்பாடு இங்கே பரவியது. வணிகத்தோடும் சமயத்தோடும் மொழிகள் வந்தன. தீவின் பெரும்பகுதியில் பிராகிருதமும், வடக்கிலும் வடமேற்கிலும் பிற சில இடங்களிலும் தமிழும் மக்களிடையே நிலைபெற, நூற்றாண்டுகள் பலவற்றின் ஊடாக இரண்டு இனங்கள் மெல்லமெல்ல உருவாயின. மக்கள் மாறியதைவிட மொழி மாறியதே அதிகம்.

இது தமிழருக்குச் சாதகமான தீர்ப்பு என்று கொண்டாடியவர் உண்டு. அவர்கள் நூலின் பாதியை மட்டும் வாசித்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். தமிழர் இத்தீவின் பூர்விக மக்கள் என்று அந்நூல் சொல்வது எந்த அர்த்தத்திலோ, அதே அர்த்தத்தில் சிங்களவரும் இத்தீவின் பூர்விக மக்கள் என்றும் அது சொல்கிறது. ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட முடியாது.

தமிழர் பட்சபாதமற்றவர், சிங்களப் பேராசிரியர்களே பட்சபாதிகள் என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. அநுராதபுரத்தில் அபயகிரியின் அயலில், பாறையில் அமைந்த ஒரு தளத்தைத் ‘தமேட’ அதாவது தமிழ் இல்லறத்தாரின் மண்டபம் என்று 1940இல் வாசித்துப் பிரசுரித்தவர், தமிழரில் பலரும் எதிரியாகக் கருதும் சிங்களக் கல்வெட்டறிஞர் செனரத் பரணவிதான அவர்களே. அங்கே இருக்கை இருக்கையாக அமர்வோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுள் ஒருவன் கப்பலோட்டும் நாவிகன். துறைமுகத்து அருகே வாழும் எனக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் தலைநகரில் தனக்கென ஓர் ஆசனம் பொறித்துக்கொண்ட அந்த மாலுமியை நினைக்குந்தோறும் மனம் நெகிழும்.

அதே பரணவிதான தம் முதுமையில், பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே நுண்ணெழுத்தில் வேறு எழுத்துகள் இருப்பதாகவும், அவை இலங்கைக்கும் மலாய் நாடுகளுக்கும் இருந்த தொடர்பை நிரூபிப்பதாகவும் எழுதியபோது, அவ்வெழுத்துகள் மற்றவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. நாடு போற்றிய அந்தப் பேரறிஞரின் ஆதாரங்களை 1967இல் வரிவரியாகச் சோதித்து, அவை நிற்கமாட்டா என்று காட்டியவர்களுள் பேராதனையின் லெஸ்லி குணவர்த்தன முதன்மையானவர்; சிங்களவர்; இளைஞர். அவரே 1979இல் சிங்க வம்சத்து மக்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், சிங்களவர் என்ற பெயர் ஆதியில் ஆளும் குலத்தைக் குறித்து, படிப்படியாக விரிந்து, ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டளவில்தான் அம்மொழி பேசும் மக்கள் அனைவரையும் தழுவியது என்றும், ஆரியர் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மொழியியலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்றும் வாதித்தார். அவருடைய சக பேராசிரியரான கே. என். ஓ. தர்மதாச, அந்த இனவுணர்வு பல நூற்றாண்டுகள் முந்தியது என்று கடுமையாக மறுத்தார். குணவர்த்தன 1995இல் அதற்கு மறுமொழி எழுதினார். யார் சொன்னது சரி என்பதில் அறிஞரிடையே இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. தர்மதாசவின் வாதத்திலும் எடுத்தெறிய முடியாத சான்றுகள் உள்ளன. ஆனால் தம் இனத்தின் பெருமைக்குரிய பெயரையே எடுத்து ஆராய்ச்சி மேசையில் வைத்த நெஞ்சுரத்துக்காகக் குணவர்த்தனவை நான் வணங்குகிறேன்.

இவையெல்லாம் பழைய கதை அல்ல. 2020 ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுகளைப் பேணுவதற்கென ஜனாதிபதி ஒரு செயலணியை நியமித்தபோது, அதற்குத் தலைவராக வந்தவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில், நியமன வேளையில், ஒரு தமிழரேனும் முஸ்லிமேனும் இடம்பெறவில்லை. 2023இல், முல்லைத்தீவு குருந்தூர்மலைத் தொல்லியல் தலத்தின் காணி விவகாரத்தைத் தொடர்ந்து, பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாக வந்தவர் பதவி விலகினார். நிலத்தைத் தோண்டும் கருவி அறிஞரின் கையில் இருக்கவேண்டும். அது அதிகாரத்தின் கைக்குப் போனபின், அடியிலிருந்து எது வெளிவந்தாலும் அதை நம்புவார் இல்லை. அகழும் குழுவில் அவ்வூர் மக்களின் மொழி தெரிந்த ஆராய்ச்சியாளரும் இருக்கட்டும், அறிக்கை மும்மொழியிலும் வெளிவரட்டும் என்று கேட்பது எந்த இனத்துக்கும் விரோதமான கோரிக்கை ஆகாது.

1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்டவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தீ வைத்தவர்களில் எவரும் ஆய்வேடு படித்தவர் அல்லர். ஆனால் இவர்கள் நேற்று வந்தவர்கள் என்ற ஒரு வாக்கியம் அவர்கள் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது. இந்திரபாலா தம் நூலை, சரித்திரம் பிழையாக விளக்கப்பட்டதன் நேர்விளைவாக உயிர் துறந்த அப்பாவிகளுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார். தம் இளமைக்கால எழுத்தும் அத்தகைய விளக்கங்களுக்குப் பயன்பட்டதை அறிந்த ஒருவர் எழுதிய சமர்ப்பணம் அது.

கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள வாசகரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1965ஆம் ஆண்டு ஆய்வேட்டின் பெயரைச் சொல்லி யாரேனும் வாதுக்கு வந்தால், அவர் சிங்களவராயினும் தமிழராயினும், அதே ஆசிரியர் 2005இல் என்ன எழுதினார் என்று முதலில் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளின் பாடசாலை நூலகத்தில் ‘இலங்கையில் தமிழர்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால் ஒரு பிரதி வாங்கிக் கொடுங்கள்.