பெரிய நாய்க்கு ஏன் சிறிய ஆயுள்?

எலி 2 அல்லது 3 ஆண்டுகள் வாழ்கிறது. பசு 20 ஆண்டுகள் வரை வாழக்கூடும். யானையோ 60 ஆண்டுகளையும் எட்டிப் பிடிக்கிறது. உருவம் பெருக்கப் பெருக்க ஆயுளும் நீளும் என்பது பாலூட்டிகளிடையே பொதுவாகக் காணப்படும் நியதி. ஆனால் நம் வீட்டு வாசலில் படுத்திருக்கும் ஒரு பிராணியிடம் மட்டும் இந்த நியதி தலைகீழாக மாறிவிடுகிறது. அதுதான் நாய்!

கைப்பைக்குள் அடங்கிவிடும் சிவாவா நாய் 14 முதல் 16 ஆண்டுகள் வாழ்கிறது. கன்றுக்குட்டி போல் நிமிர்ந்து நிற்கும் கிரேட் டேன் வாழ்வது 8 முதல் 10 ஆண்டுகள்தாம். நாய்களிலேயே மிக உயரமானவற்றுள் ஒன்றான ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டு பெரும்பாலும் 6 முதல் 8 ஆண்டுகளில் மறைந்துவிடுகிறது. முதல் வகுப்பில் சேரும் சிறுமிக்கு அதன் குட்டி ஒன்றைப் பரிசளித்தால், அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வருமுன் அதை இழந்துவிடக்கூடும். இது ஏன்? இதைத் தடுக்க முடியுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனிமலையில் பிறந்த பாரி

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,470 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. அங்கே 11ஆம் நூற்றாண்டில் புனித பெர்னார்டு, வழிப்போக்கர்களுக்காக ஒரு மடத்தை நிறுவினார். அம்மடத்துத் துறவியர் 17ஆம் நூற்றாண்டிலிருந்து நாய்களை வளர்த்து வந்தனர். பனியில் புதையுண்டவர்களை மோப்பம் பிடித்துக் காப்பாற்றிய அந்நாய்களே பிற்காலத்தில் 'செயின்ட் பெர்னார்டு' என்று பெயர் பெற்றன.

அவற்றுள் புகழ் மிக்கது 'பாரி'. 1800ஆம் ஆண்டில் பிறந்த அது 40க்கும் மேற்பட்டோரின் உயிரைக் காத்தது என்பர். ஓய்வுக் காலத்தைப் பெர்ன் நகரில் கழித்து, 1814இல் இறந்தது. அதன் உடல் பதனிடப்பட்டு, பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாரியின் எடை 40 முதல் 45 கிலோ வரைதான் இருந்திருக்கும் என்று கணித்துள்ளனர். அது 14 ஆண்டுகள் வாழ்ந்தது. இன்றைய செயின்ட் பெர்னார்டு நாய்களோ 65 முதல் 80 கிலோ வரை எடையுள்ளவை. அவற்றின் ஆயுள் பொதுவாக 8 முதல் 10 ஆண்டுகள். மடத்து நாய்கள் மலையிறங்கி ஊர்களுக்கு வந்தபின், 'இன்னும் பெரியது, இன்னும் கம்பீரமானது' என்று தேர்ந்தெடுத்துப் பெருக்கியவன் மனிதனே. 1923இல் பாரியின் உடலைப் புதுப்பித்தபோது, அக்காலத்துச் செயின்ட் பெர்னார்டைப் போல் தோன்ற வேண்டும் என்பதற்காக அதன் தலையின் அமைப்பைக்கூடச் சற்று மாற்றினார்களாம்! பழைய நாய் புதிய நாயைப் போல் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு நாயை வைத்து உலகத்து நாய்களுக்கெல்லாம் கணக்குப் போடுவது சரியாகாது. எனவே அறிவியலறிஞர் கூறுவதையும் கேட்போம்.

வேகமாக வளரும் உடல், வேகமாக வரும் முதுமை

மனிதக் குழந்தை பிறக்கும்போது சுமார் 3 கிலோ இருக்கிறது. 18 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 20 மடங்காகிறது. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரை கிலோவுக்குச் சற்றே அதிகம். ஒன்றரை ஆண்டிற்குள் அது 50 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதாவது, நாம் 18 ஆண்டுகளில் 20 மடங்கு வளர்கிறோம். அது 18 மாதங்களில் 80 மடங்கு வளர்கிறது! எலும்பும் மூட்டும் இதயமும் இந்த ஓட்டத்திற்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர் கொர்னேலியா கிரவுஸ் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் 74 இனங்களைச் சேர்ந்த 56,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். உடல் எடையில் ஒவ்வொரு 2 கிலோ கூடும்போதும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. பெரிய நாய்கள் விரைவாக முதுமையடைகின்றன என்பதே இதற்கு அவர்கள் காட்டிய முக்கியக் காரணம். முதுமையின் நோய்கள் சிறிய நாயைப் 10 வயதுக்கு மேல் தேடி வருகின்றன. பெரிய நாயை 5, 6 வயதிலேயே பிடித்துக்கொள்கின்றன. அந்நோய்களில் முக்கியமானவற்றை இனிப் பார்ப்போம்.

இடுப்பு மூட்டுக் கோளாறு

தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்வதை 'பந்துக் கிண்ண மூட்டு' என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், ராட்வைலர், செயின்ட் பெர்னார்டு முதலிய நாய்கள் சிலவற்றில் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்துவதில்லை. தளர்ந்த மூட்டு உராய்ந்து தேய்ந்து, வாதமும் வலியும் உண்டாகின்றன. நாய் எழுந்திருக்கத் தயங்கும், படியேற மறுக்கும், ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல் போல் தாவும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆனால் குட்டிப் பருவத்தில் அளவுக்கு மீறி ஊட்டிக் கொழுக்க வைத்தால் கோளாறு முற்றும். இந்நோய் தானாக உயிரை வாங்குவதில்லை. ஆயினும் நடக்க முடியாத பெரிய நாயைத் தூக்கிப் பராமரிக்க இயலாமல், அதன் வேதனையைக் காணவும் பொறாமல், பல குடும்பங்கள் அதற்கு வலியற்ற முடிவைத் தேடும் நிலை வந்துவிடுகிறது.

இரைப்பை முறுக்கு

மார்பு ஆழமாகவும் ஒடுங்கியும் உள்ள பெரிய நாய்களுக்கு வரும் பேராபத்து இது. இரைப்பை காற்றால் பலூன் போல் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்கிறது. மேலே வரவும் வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எல்லா இனங்களிலும் கிரேட் டேனுக்கே இந்த அபாயம் மிக அதிகம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் 5 வயதுக் கிரேட் டேன் ஒன்று இருந்தது. ஒருநாள் இரவு, உணவு உண்டபின் அது நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் நடந்தது. வாந்தி எடுக்க மீண்டும் மீண்டும் முயன்றது. எச்சிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அஜீரணம் என்று எண்ணி வீட்டார் ஓமத் தண்ணீர் கொடுத்தனர். பொழுது விடிவதற்குள் அது இறந்துவிட்டது. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அடையாளத்தைச் சொல்லித்தர ஒருவர் இல்லை, அவ்வளவே. இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியதும் அதுவே.

ஆகவே தோழிகளே, பெற்றோர்களே, இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பெரிய நாய் ஒன்று வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால், வயிறு உப்பித் தட்டினால் முரசு போல் ஒலித்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அறுவை சிகிச்சை ஒன்றே வழி. உரிய நேரத்தில் சென்றால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்து முன்கூட்டியே தைத்துவிடும் சிகிச்சையும் இன்று உண்டு.

இதயமும் எலும்பும்

டாபர்மேன், கிரேட் டேன், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டு ஆகிய இனங்களில் இதயத் தசை மெலிந்து, இதய அறைகள் விரிந்து போகும் நோய் மிகுதி. தளர்ந்த இதயத்தால் இரத்தத்தைச் சரிவர இறைக்க முடிவதில்லை. விரைவில் களைத்துப்போதல், இருமல், மயங்கி விழுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். டாபர்மேன் நாய்களில் சில, எவ்வித அறிகுறியுமின்றித் திடீரென்று விழுந்து இறப்பதும் உண்டு. முன்னதாகவே கண்டறிந்தால் மருந்துகளால் ஆயுளை நீட்டிக்கலாம்.

இன்னொரு கொடிய நோய் எலும்புப் புற்றுநோய். பெரிய இனங்களையே இது அதிகம் தாக்குகிறது. பெரும்பாலும் கால் எலும்புகளில் தோன்றி நுரையீரலுக்குப் பரவுகிறது. நொண்டுவதைக் கண்டு சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவிக் காலம் கடத்துவோர் பலர். நடுவயதைத் தாண்டிய பெரிய நாய் சில நாட்களுக்கு மேல் நொண்டினால், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

நம் நாட்டு வெயில்

இன்று நம் நகரங்களிலும் செயின்ட் பெர்னார்டு வளர்க்கிறார்கள். பனிமலையில் உருவான நாய் சித்திரை வெயிலை எப்படித் தாங்கும்? நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. உடல் பெரிதாக இருந்தால் வெப்பம் வெளியேறுவது கடினம். அடர்ந்த உரோமம் வேறு! அளவு மீறி இரைத்து, தள்ளாடி விழும் நாயை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுதும் குளிர்ந்த நீர் ஊற்றி, மின்விசிறியின் கீழ் வைத்து, பின்னர் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

நம்மால் இயன்றது என்ன?

பிறப்பால் வந்த உருவத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஆண்டுகளைக் கூட்ட முடியும். இதற்கு ஓர் ஆராய்ச்சியே சான்று. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றுக்கு வழக்கமான உணவும் மற்றதற்கு அதில் கால் பங்கு குறைத்தும் வாழ்நாள் முழுவதும் கொடுத்து வந்தனர். 2002இல் முடிவு வெளிவந்தது. வழக்கம் போல் உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், அளவாக உண்டவற்றிற்கு 13 ஆண்டுகள். மூட்டு வாதமும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. மருந்து ஏதுமில்லை, தட்டில் கால் பங்கு குறைந்தது, வாழ்வில் ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூடின!

விலாவின் மேல் கையை வைத்துத் தடவினால், அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அதுவே சரியான எடை. ஒரே வேளையில் வயிறு முட்ட இடாமல், 2 அல்லது 3 வேளையாகப் பிரித்து உணவிடுவது நல்லது. உண்ட உடனே ஓட விடலாகாது. எலும்பு உறுதிப்படும் என்று குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றுவது பலருடைய வழக்கம். பெரிய இனக் குட்டிகளின் உடலால் மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. அதனால் எலும்பு வளர்ச்சியே கோணலாகிவிடும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. வளர்ச்சி முடியும் வரை மாடிப்படியில் குதிக்க விடுவதும் நெடுந்தூரம் ஓட வைப்பதும் தவறு.

எல்லாவற்றிற்கும் மேலாக, குட்டியை வாங்குமுன் அதன் தாய் தந்தையைப் பற்றிக் கேட்க வேண்டும். அவற்றின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா? இதயத்தைச் சோதித்தார்களா? அவற்றின் பெற்றோர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தன? 'குட்டி எவ்வளவு பெரிதாக வளரும்?' என்று கேட்போர் பலர். 'எவ்வளவு காலம் வாழும்?' என்று கேட்போர் சிலரே. வாங்குவோர் இதைக் கேட்கத் தொடங்கினால், விற்போரும் இதற்குப் பதில் சொல்லும் வகையில் வளர்க்கத் தொடங்குவர். சென்னை வேப்பேரியில் உள்ள, 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்களில் சிகிச்சையும் ஆலோசனையும் பெறலாம்.

ஆல்ப்ஸ் மலையில் இன்று மீட்புப் பணிக்கு ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன. மடத்து நாய்களைப் பேணும் பொறுப்பை 2005இல் பாரியின் பெயர் தாங்கிய ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அங்குள்ள நாய்கள் இன்று முதியோரையும் நோயாளிகளையும் சந்தித்து மகிழ்விக்கின்றன. ஒரு நாய்க்கு எப்போதும் 'பாரி' என்று பெயர் சூட்டும் வழக்கமும் தொடர்கிறது.

பெரிய நாயை உருவாக்கியவன் மனிதன். அதன் உருவத்தைக் கண்டு பெருமைப்படுபவனும் அவனே. அந்தப் பெருமைக்கு விலையாகத் தன் ஆயுளில் சில ஆண்டுகளை அந்த வாயில்லாப் பிராணி கொடுக்கிறது. அவற்றில் ஓரிரு ஆண்டுகளையாவது அதற்குத் திருப்பித் தருவது நம் கடமையன்றோ?