பருத்திக் காய்ப்புழுவும் மரபணு மாற்றிய பருத்தியும்

நாஞ்சில் நாடு நெல் விளையும் பூமி என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஆரல்வாய்மொழியைக் கடந்து வடகிழக்கே சென்றால், கோவில்பட்டி, சாத்தூர் முதலிய கரிசல் பிரதேசங்களில் பருத்தியே பணப்பயிர். அப்பக்கங்களில் நிலமுடையவர்களும், பயிர்ப் பாதுகாப்பில் பொறுப்புடைய கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் நலம்.

பருத்தியைக் கெடுக்கும் பூச்சிகள் இருவகைப்படும். தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ ஆகியவை சாற்றை உறிஞ்சுவன. புள்ளிக் காய்ப்புழு, அமெரிக்கக் காய்ப்புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஆகியவை காயைத் துளைப்பன. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி ஜாதிகள் சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பெரிதும் தாங்கி நிற்கும்.

2002-ஆம் ஆண்டில் இந்தியாவில் பி.டி. பருத்தி அனுமதிக்கப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணு இதிற் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் செடியில் உண்டாகும் புரதம், அதைத் தின்னும் புழுவின் குடலைச் சிதைத்துக் கொல்லும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இதனால் யாதொரு கெடுதியும் இல்லை. அவற்றைத் தனியே கவனித்தல் வேண்டும். 2006-இல் இரண்டு புரதங்கள் கொண்ட விதை வந்தது.

ஆனால் 2010-இல், குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதற்புரதத்தை எதிர்த்துப் பிழைத்தமை வெளியாயிற்று. பின்னர் இரண்டாவதும் பயனற்றுப்போய், 2017-இல் மகாராஷ்டிரத்தில் பெருஞ்சேதம் விளைந்தது.

இதற்குக் காரணம் யாது? விஷத்தைத் தாங்கும் புழுக்கள் ஆதியில் மிகச் சிலவே. அருகில் சாதாரணப் பருத்தியும் இருந்தால், அதில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் இவற்றுடன் கூடி, சந்ததியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். இதற்காகவே பி.டி. விதையுடன் சாதாரண விதை தனிப் பொட்டலத்தில் அளிக்கப்பட்டது. விவசாயிகளிற் பலர் அதை விதைக்கவில்லை. அமெரிக்கக் காய்ப்புழு துவரை, கடலை முதலியவற்றிலும் வளரும்; இளஞ்சிவப்புப் புழுவுக்கோ பருத்தியே முக்கிய உணவாதலால், அதற்கு வேறு புகலிடம் இல்லை.

இப்புழு விதையிலும், செடியில் தங்கிய காய்களிலும் ஒளிந்து அடுத்த பருவம்வரை உயிரோடிருக்கும். இதை முன்னோர் அறிந்திருந்தனர். 1919-ஆம் வருஷத்துச் சென்னை விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ், குறித்த தேதிக்குள் பருத்திச் செடிகளைப் பிடுங்கிவிடும்படி உத்தரவிடப்பட்டது.

ஆகவே செய்யத்தக்கவை:

1. பருவம் முடிந்ததும் பருத்திமாரை வேரோடு பிடுங்கி அகற்றுக. வயலோரத்தில் குவித்து வைக்கலாகாது. மறுதாம்பு விடற்க.

2. ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைக்க. ஒரு பொறியில் தொடர்ந்து 3 இரவுகள் 8 அந்துப்பூச்சிகள் வீதம் விழுந்தால் மருந்து தெளிக்கும் தருணம் வந்ததென்று கொள்க.

3. ரோஜாப்பூப்போல் இதழ் குவிந்து விரியாத பூக்களைப் பறித்து அழிக்க.

4. சாதாரணப் பருத்தி விதை தனியே தரப்பட்டிருந்தால், அதைத் தவறாது வயலைச் சுற்றி விதைக்க.

வயல்தோறும் முன்னும் பின்னுமாக நட்டால் நெல்லில் குருத்துப்பூச்சி பெருகுவதை நாஞ்சில் நாட்டார் கண்டிருப்பர். பருத்தியிலும் அவ்வாறே. ஒருவர் மாரைப் பிடுங்கி, அண்டை வயலார் விட்டுவைத்தால் பயனில்லை. கிராமத்தார் யாவரும் ஒருங்கே செய்ய, கிராம அதிகாரிகள் முன்னின்று நடத்துதல் அவசியம்.